அவள் காலும் என் கையும்

என் ஓரகத்திக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று தெரிந்தபோது நான் இடது கையால் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனார் மனைவி. சின்ன காஞ்சிபுரத்தில் மாமனார் விட்டுப்போன ஒரே வீட்டை, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டு குடியிருக்கிறோம். சுவர் கூரைவரைக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அதனால் கொழுந்தனார் "கெடைச்சிடுச்சு, இனிமே மாசா மாசம் வரும்" என்று கத்தியது, தெருவுக்குக் கேட்பதற்கு முன்னால் எனக்குக் கேட்டுவிட்டது. புளியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது. அதை இன்னும் நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எரியாமல் என்ன செய்யும்? ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு நான் கொடுத்த மனு அதற்கு முந்தின வாரம்தான் தள்ளுபடியாகியிருந்தது. இருவரும் ஒரே நாளில்தான் மனு கொடுத்தோம். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் விழுந்தோம். வாலாஜாபாத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, கை நிறையப் புது வளையலோடு திரும்பி வந்துகொண்டிருந்தோம். குறுக்கே வந்த நாய்க்காக டிரைவர் வண்டியை ஒடித்தார், ஆட்டோ கவிழ்ந்தது. அவள் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. என் கை கம்பிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு இடது காலில் கம்பி வைத்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, கோல் இல்லாமல் நடக்க முடியாது. எனக்கு வலது மணிக்கட்டு திரும்பாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சு கேட்கும். மற்ற மூன்றும் கையோடு இருக்கின்றன, அவ்வளவுதான்.

நொண்டி நடந்தால் ஊருக்கே தெரியும். என் கையைப் பார்க்கிறவர்களுக்கு அது முழுக் கைதான். குழம்புச் சட்டியை இறக்கும்போது நழுவிக் காலில் கொட்டினால்தான் எனக்கே தெரியும், இது பாதிக் கை என்று.

விபத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். தறி எங்களுடையது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. குழியில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிறவர் ஒருவர். கரைப் பக்கம் உட்கார்ந்து, நூல் கண்டோடு ஓடிவருகிற நாடாக் கட்டையை வாங்கிக் கரை இழையோடு கோர்த்துத் திருப்பி அனுப்புகிறவர் இன்னொருவர். குழியில் நான், கரையில் அவள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான். நாங்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் நாடா போய் வந்துகொண்டுதான் இருந்தது. கோபம் என்றால் கொஞ்சம் வேகமாக அனுப்புவாள். நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

விபத்துக்குப் பிறகு தறியைப் பக்கத்துத் தெருவில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டோம். குழி சுவருக்கு இந்தப் பக்கம், என் வீட்டில் இருந்தது. யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் அதன்மேல் பலகை போட்டுச் சிமெண்ட் பூசினார். கூலி என்று என் கைக்கு வந்துகொண்டிருந்தது அதோடு நின்றது. பூ வாங்க, மாத்திரை வாங்க, மகள் வீட்டுக்குப் போய்வர, எல்லாவற்றுக்கும் அவரிடம் கேட்க வேண்டும். கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார். "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பார். அந்த "எதுக்கு"விலிருந்து தப்பிக்கத்தான் எனக்கு உதவித்தொகை வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பணம் கிடைத்துவிட்ட செய்தி வந்ததும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சின்ன அழுகை இல்லை, சுவருக்கு மேலாக வழிந்து என் வீடு முழுக்க நிறைந்தது. எதிர்வீட்டு அம்மாவும் பூக்காரியும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். நான் தெருவில் இறங்கி நின்று, "ஒண்ணும் ஆவலை. சந்தோஷத்துல அழுவுறா. பணம் வருதுல்ல, அதான்" என்றேன். தேவையானதைவிடச் சத்தமாகவே சொன்னேன். பூக்காரி சிரித்தாள். உள்ளே அழுகை டக்கென்று நின்றது. மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

என் மனு எப்படித் தள்ளுபடியானது என்று சொல்ல வேண்டும். மருத்துவக் குழுவுக்கு வரச்சொன்ன நாளில் அவள் சாயம்போன நூல் புடவையில் போனாள். நான் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். பெரிய ஆபீசர்கள் முன்னால் போய் நிற்கிறோம், இந்தக் குடும்பத்தை யாரும் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு. அதுவாவது பரவாயில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெயர் கூப்பிட்ட அம்மா ஒரு பட்டுப்புடவை கட்டியிருந்தார். முந்தானைப் பக்கம் எதிலோ மாட்டி ஒரு இழை வெளியே இழுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள், அறுந்த இழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. டாக்டர் என் பழைய எக்ஸ்ரேயைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் வலது கை தானாகப் போனது. இரண்டு விரலால் இழையை முறுக்கி, உள்பக்கம் வாங்கி, முடிந்துவிட்டேன். இருந்த இடம் தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயசுக்காரர்.

"அடேங்கப்பா, இவ்ளோ நுணுக்கமா வேலை செய்யுதே கை!" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பல்லைக் காட்டினேன். "பழகின வேலைதான் சார்" என்று பெருமையாக வேறு சொன்னேன். வீட்டுக்கு வந்து, டாக்டரே மெச்சிக்கொண்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்த பிறகுதான் அந்த மெச்சலுக்கு அர்த்தம் புரிந்தது. ஊனத்தின் சதவீதம் போதாதாம். அவளுக்கு என்ன, நாலடி நடந்து காட்டச் சொன்னார்கள், நடந்தாள், முடிந்தது. நொண்டுவதற்குச் சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை என்று அந்த நாட்களில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாலும் எனக்குக் கண்ணில் குத்தியது. முதல் மாசம் வந்ததும் பூக்காரியிடம் தினமும் கனகாம்பரம் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை, யாரும் "எதுக்கு" என்று கேட்கவில்லை. எனக்கும் ஒரு முழம் வாங்கிச் சுவருக்கு மேலாக நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்ட தலையே எரிந்தது. வரதர் கருட சேவைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவளும் போனோம். கோலைப் பார்த்ததும் ஆட்கள் விலகி, "வாம்மா, முன்னாடி வா" என்று அவளைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் பின்னால் இடிபட்டுக்கொண்டு, யார் தோளுக்கு மேலாகவோ குடையின் நுனியை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிடவும் இரண்டு கையும் சரியாகச் சேரவில்லை. பெருமாள்கூட அவளைத்தான் கிட்டத்தில் பார்த்தார் என்று அன்றைக்கு அழுகையாக வந்தது.

ஒருநாள் அவள் கோலை ஊன்றிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் போய் அவளுக்குக் கை போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தியின் நொண்டலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தாலுகா ஆபீசுக்கு எதிரில் மர நிழலில் மேஜை போட்டு மனு எழுதும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். நடந்ததையெல்லாம் கேட்டார். இழை முடிந்த கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, யாராவது தன் வாயால தனக்கே ஆப்பு வெச்சுக்குவாங்க. நீங்க விரலால வெச்சுக்கினீங்களே."

"இப்ப என்னா பண்றது பாய்?"

"மேல்முறையீடு போடுவோம். மறுபடியும் குழு கூப்பிடும். ஆனா இதுதான் கடைசின்னு வெச்சுக்கங்க. இதுலயும் இல்லைன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் யாரும் ஃபைலைத் தொறக்க மாட்டாங்க." எழுதிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "போனா கையைத் தொங்க விடுங்க. வெரலை ஆட்டாதீங்க. ஆட்டச் சொன்னாலும் ஆட்டாதீங்க. அங்க யாரு பொடவையையும் பாக்காதீங்கம்மா, புண்ணியமாப் போவும்."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். குழுவுக்கு வரச்சொல்லித் தகவல் வரும்வரைக்கும் வீட்டில் கையைத் தொங்கவிட்டுப் பழகினேன். பழகப் பழக அது கஷ்டமாக இருந்தது. கெட்டுப்போன கைதான், ஆனாலும் சும்மா தொங்கு என்றால் கேட்கமாட்டேன் என்றது. ஒருநாள் அவள் கிண்ணத்தில் ஏதோ கொண்டுவந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றாள்.

"ஆமா, உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றேன்.

குழுவுக்குப் போகும் நாளில், கேட்காமலேயே வாசலில் வந்து நின்றாள். "நானும் வர்றேங்க்கா. எந்த வாசல், எந்த ரூமுன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள். பாசானவள் ஃபெயிலானவளுக்குப் பரீட்சை ஹாலைக் காட்ட வருகிறாள் என்றுதான் என் காதில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக எனக்குப் பயம். இந்தத் தடவை பழைய நூல் புடவை, தலையில் பூ இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் யாரோ ஒரு பிள்ளை எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். நான் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஆடிக்கொண்டு போனேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, நரைத்த தலை. பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விரலை மடக்குங்கம்மா."

பாய் சொன்னபடி கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

"கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேலை செய்யுது, நூலை முறுக்கினாங்கன்னு எழுதியிருக்கே. அதையாவது ஆட்டுங்க."

"முடியலைங்க" என்றேன். சொல்லும்போதே ஆள்காட்டி விரல் துடித்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"அம்மா, முடியறதை முடியலைன்னு சொன்னா, நிஜமா முடியாததையும் நான் நம்ப மாட்டேன். கூட யாரு வந்திருக்காங்க? கூப்பிடுங்க."

போச்சு என்று நினைத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். "இவங்களால எது முடியும், எது முடியாது? நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அவள் என்னைப் பார்த்தாள். தெருவில் நின்று நான் அவளைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. கூரைவரைக்கும் போகாத அந்தச் சுவரும் நினைவு வந்தது. இவள் இப்போது வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னால் என் காலம் முழுக்க "எதுக்கு"தான்.

"நூல் முடிவாங்க டாக்டர்" என்றாள் அவள். "ஊசில நூல் கோப்பாங்க. பூ கட்டுவாங்க. அதெல்லாம் நல்லாவே செய்வாங்க."

 இதற்குத்தான் கேட்காமலேயே கூட வந்தாயா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"ஆனா தறில உக்கார முடியாது. ஏன்னு வாயால சொன்னா புரியாது, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த நீளப் பெஞ்சில் ஒரு முனையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து சீப்பை எடுத்தாள். பெஞ்சின் மறுமுனையைத் தட்டினாள். "உக்காருக்கா. நாடா அனுப்பறேன், புடி."

உட்கார்ந்தேன். அவள் கை பின்னால் போவதைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரி மறந்துவிட்டது, பாய் மறந்துவிட்டார். எத்தனையோ வருஷம் பார்த்த கை அது. எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று உடம்புக்கே தெரியும். சீப்பு பெஞ்சின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. என் வலது கை சரியான இடத்தில், சரியான நேரத்தில் போய் நின்றது. விரல்கள் மூடவில்லை. சீப்பு உள்ளங்கையில் பட்டுத் தரையில் விழுந்தது.

அவளால் குனிய முடியாது. நானே எடுத்துக் கொடுத்தேன். மறுபடி அனுப்பினாள். மறுபடி விழுந்தது.

"மெதுவா அனுப்புடி" என்றேன்.

"மெதுவாத்தாங்க்கா அனுப்பறேன்" என்றாள் அவள்.

சொன்னபடி மெதுவாகத்தான் வந்தது, குழந்தைக்கு உருட்டிவிடுகிற மாதிரி. அதுவும் விழுந்தது. விபத்துக்குப் பிறகு அவள் அனுப்பியதை நான் பிடித்துப் பார்த்ததே இல்லை. என் கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று குழுவுக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் எனக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிக் கையை நீட்டினேன். டாக்டரம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். ஏதோ ஒரு கருவியை வைத்து அளந்தார், ஊசியால் குத்தி வலிக்கிறதா என்று கேட்டார். மூன்று விரலிலும் வலிக்கவில்லை. மற்ற டாக்டர்களோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது இனிமே சரியாகாதும்மா. நிரந்தரம்னு எழுதறோம். உங்க மேல்முறையீட்டை ஏத்துக்கிட்டோம், பணம் வந்துடும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். ஜெயித்துவிட்டேன்.  நிரந்தரம் என்ற வார்த்தைக்காகத்தான் நான் வரிசையில் நின்றேன், கையைத் தொங்கவிட்டுப் பழகினேன், மாசக்கணக்கில் வயிறெரிந்தேன். ஆனால் மனசின் ஒரு மூலையில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கை ஒருநாள் சரியாகிவிடும், சிமெண்டை உடைத்தால் கீழே குழி இருக்கிறது, தறியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று. அந்தக் கணக்கை அந்த அம்மா அங்கேயே முடித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் அவளுக்குத்தான் இடம் கிடைத்தது. அவள் ஓரமாக நகர்ந்து, என் புடவையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பாதி உடம்பு வெளியே, பாதி உடம்பு சீட்டில். 

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்ப் படுத்தேன். சிமெண்ட் பூசிய இடத்துக்குப் பக்கத்தில்தான் என் படுக்கை. அழ ஆரம்பித்தேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் சத்தம் நிற்கவில்லை. அவளுக்குச் செய்தி வந்த அன்று, சுவருக்கு மேலாக என் வீட்டை நிறைத்ததும் இதே சத்தம்தான். வாசலில் கோல் ஊன்றும் சத்தமும், என் தெருக்கதவு சாத்தப்படும் சத்தமும் கேட்டது. அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அம்மாவின் குரல். கூடவே பூக்காரி.

"உள்ள யாரு அழுவுறது? போன காரியம் என்னா ஆச்சு?"

"யாரும் அழுவலையே" என்றாள் அவள். "டிவி ஓடுது. அக்கா வெயில்ல போய் வந்துதுல்ல, படுத்துக்கினு இருக்குது. எழுப்ப வேணாம், சாயங்காலம் வாங்க."

அவர்கள் போய்விட்டார்கள். அவள் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அழுதேன்.

"அக்கா படுத்துக்கினு இருக்குது." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு அதே தெருவில், அதே இரண்டு பேரிடம், எனக்கு இப்படி ஒன்று வாயில் வரவில்லை. அவளுக்கு வந்தது. அவளுக்குப் பணம் வந்தபோது எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது எனக்கு வயிறு.